மாலை நான்கு மணிச் சர்க்கரை: உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஆறு வாரம் ஆனபோது, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. சோதனைச் சீட்டில் அதற்கு நேரே பேனாவால் ஒரு 'சரி' போட்டுக் கொடுத்தார்கள். அன்று மாலை, பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அண்ணி, "சும்மா பாருங்களேன்" என்று தன் குளுக்கோமீட்டரை நீட்டினார். 247. கருவி பழுது என்று முடிவுகட்டி, கையைக் கழுவிவிட்டு, புது ஊசி, புது ஸ்ட்ரிப் போட்டு மறுபடி பார்த்தோம். 251.

அன்றிலிருந்து ஐந்தாறு ஆண்டுகளாக, வெளிநோயாளிகள் பிரிவில் வரிசையில் உட்காரும்போதெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரர்கள் கேட்பதும் நான் சொல்வதுமாக இந்தக் கேள்விகள் சேர்ந்தன. நான் மருத்துவர் அல்ல. மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எதை, எப்போது கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் இது உதவும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் எனக்குச் சர்க்கரையே கிடையாது. இப்போது எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் மருந்திலிருந்து. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை, கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை வெளியிட வைக்கிறது. தசைகளை இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் செய்கிறது. இது புதிய செய்தி அல்ல. உறுப்பு மாற்றின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் 1964-லேயே, சிறுநீரகம் பெற்றவர்களுக்கு ஸ்டீராய்டால் சர்க்கரை நோய் வருவதைப் பதிவு செய்திருக்கிறார்.

அடுத்தது டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானின் த்சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுத்த மருந்து இது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தான T அந்த ஊருடையதுதான். நம் புதிய உறுப்பை நம் உடலே தாக்காமல் காக்கும் மருந்துகளில் இன்று முதன்மையானது. ஆனால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையும் அது அடக்கிவைக்கிறது. பழைய மருந்தான சைக்ளோஸ்போரினைவிட இதில் சர்க்கரை ஏறும் வாய்ப்பு அதிகம். இருந்தும் மருத்துவர்கள் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், நிராகரிப்பைத் தடுப்பதில் இது அவ்வளவு கெட்டி.

மூன்றாவது காரணத்தைக் கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது: புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்வது. உடலில் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. அது செயலிழந்திருக்கும்போது, சுரக்கும் கொஞ்சம் இன்சுலினும் நெடுநேரம் உடலில் தங்கும். டயாலிசிஸ் காலத்தில் பசியும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஆகவே ரத்தச் சர்க்கரை சாதுவாகத் தெரியும். நல்ல சிறுநீரகம் வந்தவுடன் இன்சுலின் வேகமாக வெளியேறுகிறது. சிறுநீரகம் தானும் குளுக்கோஸ் தயாரிக்கிறது. வாய்க்கு ருசியும் திரும்புகிறது. அதுவரை மறைந்திருந்த சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது. 'எனக்கு முன்பு இல்லவே இல்லை' என்று சொல்லும் பலருக்கும் உண்மையில் அது ஒளிந்திருந்திருக்கலாம்.

எல்லோருக்கும் வருமா?

இல்லை. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது. சிறுநீரகம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பேர் வரை என்று எழுதுகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சர்க்கரை இருப்பவர்கள், ஹெபடைடிஸ் சி தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். நம் ஊரில் 'வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?' என்று கேட்டால், இல்லை என்று சொல்லும் வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே நாம் எல்லோருமே வாய்ப்புள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டு சோதிப்பதே பாதுகாப்பு.

காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் படித்துவிடுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையைக் காலை எட்டு மணிக்கு, இட்லி சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்கிறோம். சர்க்கரையின் மேல் அதன் பிடி, நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. அதற்கிடையில் மதியச் சோறும் உள்ளே போகிறது. மதியம் முதல் அந்திவரை சர்க்கரை ஏறி நிற்கும். இரவில் மருந்தின் பிடி தளரும், சாப்பாடும் இல்லை. விடிவதற்குள் சர்க்கரை தானாகவே இறங்கிவிடும். விடிந்ததும் சோதனைக்கூடத்துக்குப் போய்க் கையை நீட்டுகிறோம். 94. சரி.

திருடன் பகலில் வரும் வீட்டில் இரவுக்காவல் போட்ட கதை இது. முதல் சில மாதங்களில் உங்களுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரிப் செலவழிக்கத்தான் வசதி என்றால், அதை மாலை நான்கு மணிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே செலவழியுங்கள்.

வியன்னாவில் 50 சிறுநீரக நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியான ஓர் ஆய்வும் மாலை அளவையே பிடித்துக்கொண்டது. மாலைச் சர்க்கரை 140-ஐத் தொட்டவுடனேயே ஒரு பிரிவினருக்கு இன்சுலின் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு வழக்கம்போல, ஏறிய பிறகு மருத்துவம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே இன்சுலின் போட்டவர்களில் சர்க்கரை நோய் நிலைத்தது குறைவாகவே இருந்தது. களைத்த பீட்டா செல்களுக்கு ஆரம்பத்திலேயே ஓய்வு கொடுத்தது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் மாலையில் பார்த்ததால்தானே பிடிபட்டது?

ஹெச்பிஏ1சி 5.6 என்று வந்திருக்கிறது. அது மூன்று மாதக் கணக்கையே சொல்லுமே?

மற்றவர்களுக்குச் சொல்லும். நமக்கு, முதல் சில மாதங்களில், அந்தக் கணக்கு பொய்யாக இருக்கலாம். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் அளவு. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அவ்வளவு நாள் பழைய ரத்தம் உடலில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

நம் உடம்பில் என்ன நடந்திருக்கிறது? அறுவைச் சிகிச்சையின்போது பிறருடைய ரத்தம் ஏற்றியிருக்கலாம். டயாலிசிஸ் காலத்தில், சிவப்பணுக்களைப் பிறக்க வைக்கும் ஹார்மோனான எரித்ரோபாயிட்டினை ஊசியாகப் போட்டிருப்போம். புதிய சிறுநீரகம் அந்த ஹார்மோனைத் தானே சுரக்கத் தொடங்கியதும் புதுச் சிவப்பணுக்கள் மளமளவென்று பிறக்கும். புதிதாகப் பிறந்தவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமே இருந்திருக்காது. ஆகவே 5.6 என்பது 'சர்க்கரை இல்லை' என்பதற்குச் சான்று அல்ல. மாறாக, 6.5-ஐத் தாண்டி வந்தால் அதைத் தள்ளிவிடக் கூடாது. குறைவாகக் காட்டும் கருவியே கூட்டிக் காட்டுகிறது என்றால் விஷயம் இருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை வந்தால், குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

கேடிகோ என்று அழைக்கப்படும் பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு 2009-இல் வகுத்த அட்டவணை எளிமையானது: முதல் நான்கு வாரமும் வாரம் ஒரு முறை, பிறகு ஓராண்டு வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ், ஸ்டீராய்டு ஆகியவற்றில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கினாலோ அளவைக் கணிசமாகக் கூட்டினாலோ மறுபடியும் பார்க்க வேண்டும்.

இது குறைந்தபட்சம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதல் இரண்டு மாதம் தினமும் மாலையில் ஒரு முறையாவது பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. இன்சுலின் போடுபவர்களின் நேர அட்டவணை வேறு. அதை மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணைத் தாண்டினால் சர்க்கரை நோய்?

எல்லோருக்கும் உள்ள எல்லைகளே நமக்கும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல். தாகம், எடைக்குறைவு போன்ற அறிகுறிகளோடு எந்த நேரத்திலாவது 200-க்கு மேல். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது குளுக்கோஸ் குடித்த பின் 140 முதல் 199 என்றால் வாசற்படியில் நிற்கிறீர்கள்.

ஆனால் முத்திரை குத்துவதற்குப் பொறுமை வேண்டும். அறுவைச் சிகிச்சையின்போது ஸ்டீராய்டு ஊசி நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஏறுகிறது. அந்த வாரத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே சர்க்கரை ஏறும். அதை அப்போதே குறைக்க வேண்டும், ஆனால் 'சர்க்கரை நோயாளி' என்று எழுதிவிடக் கூடாது. சுமார் ஆறு வாரம் கழிந்து, மருந்துகள் நிலையான அளவுக்கு வந்து, சிறுநீரகம் ஒழுங்காக ஓடி, காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில் பார்த்துத்தான் அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள்.

குளுக்கோஸ் குடிக்கும் சோதனை அவசியமா? இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள்.

எரிச்சல்தான். 75 கிராம் குளுக்கோஸ் ஒரு பெரிய டம்ளர் நிறையத் திகட்டத் திகட்ட இனிக்கும்; எலுமிச்சை பிழிந்துகொள்ளலாமா என்று கூடத்தில் கேளுங்கள், சில இடங்களில் அனுமதிப்பார்கள். காலையில் சரி, சாப்பிட்டபின் ஏறுகிறது என்ற நம் வகைச் சர்க்கரையைச் சந்தேகமின்றிப் பிடிப்பது இந்தச் சோதனைதான். வாந்தி எடுத்துவிட்டால் சோதனை செல்லாது, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக் குளுக்கோமீட்டரை நம்பலாமா?

அன்றாடக் கண்காணிப்புக்கு நம்பலாம். நோயைத் தீர்மானிக்க நம்பக்கூடாது. 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டினாலும் பன்னாட்டுத் தரவிதி அதை ஏற்கிறது. உண்மையில் 200 என்றால் கருவி 170-ம் காட்டலாம், 230-ம் காட்டலாம். 140-க்கும் 150-க்கும் நடுவே துள்ளுவதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்து 380 என்று அலறியவர்களை எனக்குத் தெரியும். விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலிக்கும், பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை மூடி வையுங்கள், சமையலறை அடுப்பருகே வைக்காதீர்கள். ஊசியை யாரோடும் பகிராதீர்கள்; குடும்பத்தினர் ஆனாலும் சரி. நம் எதிர்ப்புச்சக்தியைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள்.

ரத்தசோகை கடுமையாக இருந்தால் கருவி சற்றுக் கூட்டிக் காட்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற கரைசல் பயன்படுத்தியிருந்தால், அது உடலை விட்டுப் போகும்வரை சில வகை ஸ்ட்ரிப்கள் பொய்யாக உயர்ந்த சர்க்கரையைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. மருத்துவமனையில் கேட்டுவிட்டே கருவி வாங்குங்கள்.

அடிக்கடி சிறுநீர், தாகம். இவை வந்தால் தெரிந்துவிடுமே?

இங்குதான் நாம் ஏமாறுகிறோம். ஆண்டுக்கணக்கில் சொட்டுக்கூடப் போகாமல் இருந்தவருக்கு ஒரு நாளில் மூன்று லிட்டர் போனால் குடும்பமே கொண்டாடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று மருத்துவரும் சொல்லியிருப்பார். இந்த மகிழ்ச்சிக்குள் சர்க்கரையின் அறிகுறி சத்தமில்லாமல் கலந்துவிடும். இரவில் ஐந்தாறு முறை எழுந்தால், பார்வை மங்கினால், பிறப்புறுப்பில் அரிப்போ வெள்ளைப் படிவோ இருந்தால் அன்றே சோதியுங்கள். பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது.

இந்த மருந்துகளால்தானே வருகிறது? நானே கொஞ்சம் குறைத்துக்கொண்டால்?

கூடாது. நிராகரிப்பு வந்தால் சிறுநீரகமே போய்விடும். கொடுமை என்னவென்றால், நிராகரிப்பை அடக்க மூன்று நாள் பெரிய அளவில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அப்போது சர்க்கரை எங்கோ போய் நிற்கும். குறைத்து ஆதாயம் தேடப் போய் இரண்டையும் இழப்போம். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பதும், டாக்ரோலிமஸ் அளவைச் சரிசெய்வதும், தேவையானால் மருந்தையே மாற்றுவதும் ரத்த அளவு பார்த்து மருத்துவர் செய்ய வேண்டியவை.

ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு?

சமையலில் பாகற்காய்க் குழம்பு சாப்பிடுங்கள். சூரணமும் கஷாயமும் வேண்டாம். டாக்ரோலிமஸ் கல்லீரலிலும் குடலிலும் ஒரு குறிப்பிட்ட நொதியால் சிதைகிறது. அந்த நொதியைத் தூண்டும் பொருள் எதுவும் மருந்தை ரத்தத்தில் குறைத்து நிராகரிப்புக்கு வழி திறக்கும். அடக்கும் பொருள் மருந்தை ஏற்றி, சிறுநீரகத்துக்கும் கணையத்துக்கும் நஞ்சாக்கும். பம்பளிமாஸ் பழமும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் இப்படி ஏற்றுபவை, இரண்டையும் தவிருங்கள். ஒரு சூரணத்தில் என்னென்ன இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளும் என்பதை விற்பவராலும் சொல்ல முடியாது.

நன்றாக இருந்த சர்க்கரை திடீரென்று ஏறிவிட்டது. சாப்பாட்டில் தப்பே செய்யவில்லையே?

மருந்துச் சீட்டைப் பாருங்கள். பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல், வோரிகோனசோல், ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம் ஆகியவை டாக்ரோலிமஸை ஏற்றும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அது இறங்கும், அதனால் மருத்துவர் அளவைக் கூட்டியிருப்பார். ரிஃபாம்பிசின் முடிந்ததும் கூட்டிய அளவைக் குறைக்காவிட்டால் ரத்த அளவு எகிறும். வயிற்றுப்போக்கின்போதும் டாக்ரோலிமஸ் அளவு ஏறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொற்றும் ஒரு காரணம். காய்ச்சல் தெரிவதற்கு முன்பே சர்க்கரை காட்டிக்கொடுப்பதுண்டு.

சர்க்கரை 300-க்கு மேல் நிற்கிறது, கூடவே வாந்தி, மயக்கம், நாவறட்சி என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நீர் வற்றினால் புதிய சிறுநீரகம்தான் முதலில் அடிபடும். மூக்கடைப்போடு கன்னத்தில் வலி, கண் வீக்கம், கரிய சளி என்றாலும் அப்படியே. 2021-இல் கரும்பூஞ்சை யாரைத் தேடிப் பிடித்தது என்று பார்த்தோம்: ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்திருந்தவர்களை. நம்மிடம் அந்த இரண்டும் சேரலாம்.

எனக்குச் சிறுநீரகம் தந்த அம்மாவின் குடும்பத்தில் சர்க்கரை உண்டு. சிறுநீரகத்தோடு அதுவும் வந்துவிட்டதா?

வரவில்லை. சர்க்கரை கணையத்தின் விவகாரம். அம்மாவிடமிருந்து வந்திருந்தால் அது நீங்கள் பிறந்தபோதே மரபணுவில் வந்தது. அம்மாவும் ஆண்டுதோறும் தன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் அவர்.

இன்சுலின் தொடங்கிவிட்டார்கள். இனி ஆயுளுக்கும் ஊசியா?

பலருக்கு இல்லை. ஸ்டீராய்டு 20 மில்லிகிராமிலிருந்து 5-க்கு இறங்கும்போது இன்சுலின் தேவையும் இறங்கும். எனக்கு ஏழாவது மாதம் ஊசி நின்றது. ஒரு மாத்திரை இன்னும் இருக்கிறது. மாத்திரைகளில் எது பொருந்தும் என்பது சிறுநீரகத்தின் வேகத்தைப் பொறுத்தது: மெட்ஃபார்மினுக்கு அது போதிய அளவில் ஓட வேண்டும், லினாகிளிப்டினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஸ்டீராய்டைக் குறைத்த வாரத்தில் தாழ்சர்க்கரை வரும், எச்சரிக்கையாக இருங்கள். கிரியாட்டினின் ஏறினாலும், அதாவது சிறுநீரகத்தின் வேகம் குறைந்தாலும், இன்சுலின் உடலில் தங்கி, சர்க்கரை தடாலென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு என்றால் சோதித்து, 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கல்லீரல், இதயம் மாற்றியவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். மருந்துகள் ஏறக்குறைய அவையே.

'மக்களைத் தேடி மருத்துவம்' செவிலியர் வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கிறார். அது போதுமா?

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் உறுப்பு மாற்றிக்கொண்டவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். அவர் தரும் எந்தப் புதிய மாத்திரையையும், நீங்கள் காட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரக மருத்துவரிடம் கேட்காமல் விழுங்காதீர்கள். அவர் காலையில் வருபவரானால், மாலையில் ஒரு முறை நீங்களே பார்த்து அவருடைய அட்டையில் எழுதி வையுங்கள்.

ரத்தம் எடுக்கப் போகும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?

டாக்ரோலிமஸ் அளவு பார்க்க வேண்டிய நாள் என்றால், அதை மட்டும் போடாதீர்கள். முந்தைய இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்ததைப் போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் அதே குத்தலில் பார்த்துவிடலாம். இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடும் நேரம் வரும்வரை காலை ஊசியைப் போட வேண்டாம். மாத்திரை டப்பாவையும் நான்கு இட்லியையும் பையில் எடுத்துப் போங்கள். வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.